பிரெஞ்சு மேடையில் ஆலம்கீரின் மகள்

பாரசீகத்தில் ‘லாலா’ என்பது ஒருவகைச் செம்மலர். ‘ருக்’ என்பது கன்னம். செம்மலர்க் கன்னத்தாள் எனப் பொருள்படும் ‘லாலா ருக்’ என்ற பெயருடைய மகள் எவளும் பேரரசர் ஔரங்கஜேப் ஆலம்கீருக்கு இருந்ததில்லை. ஆயினும் 1862 மே 12ஆம் நாள் பாரிஸ் நகரத்து ஓபரா காமிக் அரங்கில் அவள் உயிர்பெற்று எழுந்தாள்; அந்நூற்றாண்டு முடியுமுன் முந்நூறு தடவைக்கு மேல் மேடையேறினாள். இசை பெலிசியான் தாவித்துடையது. உரையும் பாட்டும் யாத்தோர் மிஷேல் கர்ரே, இப்போலித் லூக்கா என்ற இருவர்.

ஓபரா காமிக் என்றதும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் நாடகமென அன்பர்கள் எண்ணிவிடலாகாது. பாட்டுகளுக்கு நடுவே வெறும் பேச்சும் வரும் என்பதே அதன் இலக்கணம். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

கதை சிறிது. சமர்கந்து மன்னனை மணக்க இளவரசி பயணமாகிறாள். வழியில் நூருத்தீன் என்னும் பாணனின் பாட்டில் மனம் பறிகொடுக்கிறாள். காவலுக்கு வந்த பஸ்கீரைத் தோழி மிர்ஸா ஏமாற்றிவிடுகிறாள். மன்னனை மறுத்துவிடுவதென்று துணிந்து அரண்மனையில் நிற்கிறாள் இளவரசி. வந்து நிற்கும் மன்னனோ அதே பாணன்!

பஸ்கீரைக் காணும்போது நம் கட்டியக்காரன் நினைவுக்கு வருகிறான். ஆனால் கட்டியக்காரன் அரசனையே முகத்துக்கு நேரே நையாண்டி செய்வான். பஸ்கீர் ஏமாறுவதற்கென்றே படைக்கப்பட்டவன்.

மூலம் அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர் 1817இல் வெளியிட்ட காவியம். இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர் அவர். ஆயினும் அவருடைய பாணன் நான்கு நெடுங்கதைகளை இளவரசிக்குச் சொல்கிறான். அவற்றுள் நெருப்பு வணங்கிகளின் கதையில் தம் நாட்டின் அடிமைத் துயரை மூர் மறைத்து வைத்தார். பாரிஸ் புலவர்கள் அந்த நான்கையும் களைந்துவிட்டனர். அதனால் இளவரசியின் உள்ளத்தைக் கவர்ந்தது குரல் மட்டுமே என்றாகிவிட்டது. நம் ‘நூறு மசலா’வில் இளவரசி கேள்வி கேட்கிறாள், மணக்க வந்தவன் விடை சொல்லியாக வேண்டும். இங்கே கேட்பதற்குச் செவி உண்டு, கேள்வி இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது முடிவுதான். தந்தை நிச்சயித்த மணத்தை மறுக்கத் துணிந்தவளுக்கு, அதே மணமே பரிசாக வந்து சேர்கிறது. துணிவுக்கு விலை ஏதுமில்லை. மணமகளின் சம்மதம் கேளாத நிக்காஹ் முறையன்று என்பதையும், விருப்பமின்றி மணமுடிக்கப்பட்ட கன்ஸா என்ற பெண்மணியின் மணத்தை நபிகள் நாயகம் (ஸல்) ரத்துச் செய்ததையும் அறிந்த நமக்கு, அவள் ‘மாட்டேன்’ என்று சொல்லும் காட்சியே நாடகத்தின் உயிர். புலவர்கள் அதை அவசரமாகக் கடந்துவிட்டார்கள்.

ஆலம்கீரின் உண்மை மகள் ஜைபுன்னிஸா (1638–1702) ஹாபிஸா, ‘மக்ஃபீ’ என்ற புனைபெயரில் பாரசீகக் கவிதை யாத்தவர் எனப் போற்றப்படுபவர், மணமே புரியாதவர். கலகம் செய்த தம்பி அக்பரோடு கடிதத் தொடர்பு வைத்ததற்காக 1681இல் சிறைப்பட்டு, சலீம்கர் கோட்டையிலேயே காலங்கழித்தார். இந்த வாழ்வைப் பாட எந்த அரங்கும் அன்று முன்வரவில்லை.

இசையைக் குறைசொல்ல மாட்டேன். தாவித் 1833 முதல் 1835 வரை கிழக்கு நாடுகளில், பெரிதும் எகிப்தில், வாழ்ந்தவர். 1844இல் இயற்றிய ‘பாலைவனம்’ என்னும் இசைக்கோவையில் முஅத்தினின் அழைப்பை அரபுச் சொற்களோடே பாடவைத்தவர். கிழக்கைக் கேலிப்பொருளாக்காத மென்மை அவருடைய இசையில் உண்டு. (மறு ஆண்டே பிஸே என்ற இளைஞர் தம் முத்துக்குளிப்போர் நாடகத்தை இலங்கைக் கரையில் நிகழ்த்திக் காட்டினார், அது வேறு கதை.)

2013இல் வாஷிங்டனின் ஓபரா லாஃபாயெத் குழுவினர் லாலா ருக்கை மீட்டெடுத்து, குச்சிப்புடி நர்த்தகிகளுடன் அரங்கேற்றினர். அதன் ஒலிப்பதிவை மாணவர் ஒருவர் கொணர்ந்து தந்தார். ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் கேட்டேன். கதையை மறந்து நூருத்தீனின் பாட்டுகளை மட்டும் கேளுங்கள் என்று அன்பர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அதற்கும் மனம் முழுதாக ஒப்பவில்லை.