பார்க்க ஒன்றுமில்லாத ஊர்கள்

பெரம்பலூர், அரியலூர் என்றதும் "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்னும் வினாவே முதலில் எழுகிறது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் விரைவோர்க்குப் பெரம்பலூர் தேநீர் அருந்தும் இடம். இரயிலில் செல்வோர்க்கு அரியலூர் சிமெண்டு ஆலைகளின் ஊர். இக்குறையைப் போக்கவென வெளிவரும் சுற்றுலாக் கையேடுகளோ, கோயில், கோட்டை, ஏரி என வரிசையிட்டு, தொலைவையும் ஆண்டையும் குறித்துவிட்டு நின்றுவிடுகின்றன. ஓர் ஊரில் வாழ்வதன் சுவையை இத்தகைய பட்டியல் உணர்த்துமா என்பதே நம் ஆய்வுக்குரியது.

சாத்தனூர் கல்மரத்தை எடுத்துக்கொள்வோம். புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த அம்மரம் 18 மீட்டர் நீளமுடையது; ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது. கையேடுகள் இவ்வளவும் சொல்லும். ஆனால், அக்காலத்தில் இந்நிலப்பகுதியைக் கடல் சூழ்ந்திருந்தது என்பதையும், கடலடியில் படிந்து இறுகியதே அரியலூரின் சுண்ணாம்புக்கல் என்பதையும், அக்கல்லையே இன்று ஆலைகள் அகழ்கின்றன என்பதையும் அவை இணைத்துக் காட்டுவதில்லை. 1862இல் பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஆராய்ந்து, ஒரு பிரிவுக்கு அரியலூரின் பெயரையே சூட்டினார். புவியியல் உலகம் அறிந்த அப்பெயரின் பொருளை இம்மண்ணின் மக்களுக்கு எடுத்துரைப்போர் சிலரே. அதனாலன்றோ 2020இல் குன்னத்தில் அம்மோனைட் அடங்கிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டைகள் என்ற வதந்தி பரவியது!

கங்கைகொண்ட சோழபுரத்திலும் இதே நிலைதான். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று என்பதை எல்லோரும் எழுதுகின்றனர். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது அக்கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன என்பதை எழுதுவோர் அரியர். அணை வயல்களுக்கு நீர் தந்தது, மதில் மீளவில்லை. சுண்ணாம்புக்கல்லும் அவ்வாறே. ஆலை பலருக்குப் பிழைப்பளிக்கிறது. படிமங்களோடு அகழப்பட்ட அடுக்கு மீண்டும் வாராது. இரண்டையும் ஒருசேர எடைபோடும் எழுத்தே நமக்குத் தேவை.

நம்மவர் எழுத்தும் குறையற்றதன்று. ரஞ்சன்குடிக் கோட்டையைப் பற்றி எழுதும்போது, ஆர்க்காட்டு நவாபின் கீழிருந்த ஜாகீர்தாரின் கோட்டை, உள்ளே பள்ளிவாசல் உண்டு என்று பெருமிதம் கொள்கிறோம். அடுத்திருக்கும் வாலிகண்டபுரத்துச் சிவன் கோயிலைக் கடந்துவிடுகிறோம். கோயிலை எழுதுவோர் கோட்டையைக் கடந்துவிடுகின்றனர். 1751இல் இவ்வட்டாரத்தில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஓரணியாகவும், முகம்மது அலியும் ஆங்கிலேயரும் எதிரணியாகவும் மோதினர். இருபுறமும் முஸ்லிம் தலைவர்கள் நின்ற அப்போரைச் சமயப் பெருமிதத்தால் விளக்கிவிட முடியுமா?

இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் மனிதக் குடியேற்றத்தை 'உம்ரான்' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். நகரத்தை எடைபோட அவர் கேட்டவை எளியவை: நீர் அருகிலுண்டா, காற்று நல்லதா, மேய்ச்சலும் விளைநிலமும் கிட்டுமா? அவ்வளவுகோலைக் கொண்டு பார்ப்பின் இவ்வூர்களின் சிறப்பு புலப்படும். புள்ளம்பாடி வாய்க்கால் வழியே மேட்டூர் நீர் கரைவெட்டி ஏரியை அடைகிறது. அந்நீரை நாடி வடபுலத்திலிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024இல் அவ்வேரி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உழவர் வாய்க்காலும் பறவைகளின் வலசையும் ஒரே நீரில் சந்திப்பதைக் காண ஒரு விடியற்காலை போதும். செலவோ பேருந்துக் கட்டணம் மட்டுமே.

வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காடு முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா செல்லும் இளைஞர், அங்குள்ள அருங்காட்சியகங்களை வியந்து கடிதமும் படமும் அனுப்புகின்றனர். வாரணவாசிப் புதைபடிம அருங்காட்சியகத்தை அவர்களுள் எத்தனை பேர் கண்டிருப்பர்? ஊரை அறியாதவன் அதன் இழப்பையும் அறியான். ஆகவே, அடுத்து எழுதப்படும் கையேடு கல்மரம், சுரங்கம், கோட்டை, கோயில், ஏரி ஆகியவற்றை ஒரே வரலாறாகச் சொல்லட்டும்; நம் மதரஸாக்களும் பள்ளிகளும் அதனைக் கையிலேந்தி ஆண்டுக்கொருமுறை மாணவர்களை அழைத்துச் செல்லட்டும்.