இந்த அடைப்புக்குறி இருக்கிறதே!

8 − 5 − 2 என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எண்களை அடைப்புக்குறிக்குள் போட்டால் (8 − 5) − 2, விடை 1. பின் இரண்டைப் போட்டால் 8 − (5 − 2), விடை 5. எண்கள் அவையேதான். கழித்தல் குறிகளும் அவையேதான். வரிசைகூட மாறவில்லை. இரண்டு சின்ன வளைகோடுகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன, விடை ஐந்து மடங்காகிவிட்டது! கணிதத்தில் இதைவிட அழகான குறி வேறு இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம். கூட்டல் குறி கூட்டும், பெருக்கல் குறி பெருக்கும். அடைப்புக்குறி தானாக ஒரு கணக்கும் போடுவதில்லை. எது முதலில் என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டு அது செய்கிற அட்டகாசத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சலிப்பதேயில்லை.

பள்ளியில் ‘அடைப்புக்குள் இருப்பதை முதலில் செய்’ என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கோ அதற்குப் பிறகுதான் விருந்தே தொடங்குகிறது. புதிதாக எந்தக் கணிதச் செயல் கண்ணில் பட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: இதில் அடைப்பை நகர்த்தலாமா?

கூட்டலில் நகர்த்தலாம். பெருக்கலிலும் நகர்த்தலாம். பாடநூல் இதைச் சேர்ப்புப் பண்பு என்கிறது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோகிற பண்பு. ஆனால் (37 × 25) × 4 என்று ஒரு கணக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? அடைப்பை வலப்பக்கம் தள்ளுங்கள்: 37 × (25 × 4). அதாவது 37 × 100. தாளே வேண்டாம், 3700! மனக்கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று நாம் வியக்கிறவர்களில் பலர் செய்வது இந்த நகர்த்தலைத்தான்.

அடுக்குகளில் நகர்த்த முடியாது. 2இன் மூன்றாம் அடுக்கை எடுத்து, அதை இரண்டாம் அடுக்குக்கு உயர்த்தினால் 64. 3இன் இரண்டாம் அடுக்கை முதலில் கண்டு, 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 512. எட்டு மடங்கு!

இனி முடிவிலியைத் தொடுவோம். 1 − 1 + 1 − 1 + … என்று நிற்காமல் போகிற தொடரை எடுங்கள். இரண்டிரண்டாக அடைத்தால் (1 − 1) + (1 − 1) + …, எல்லாம் சுழியாகி விடை 0. முதல் 1ஐ வெளியே நிறுத்திவிட்டு மற்றவற்றை அடைத்தால் 1 − (1 − 1) − (1 − 1) − …, விடை 1. இத்தாலியத் துறவியும் கணிதருமான கிராண்டி 1703இல் இதை எழுதியபோது, சூனியத்திலிருந்து உலகம் படைக்கப்பட்டதற்கு இதை ஒப்பாகச் சொன்னார். அவர் பரவசத்தை என்னால் முழுக்கப் புரிந்துகொள்ள முடிகிறது. பின்னால் வந்தவர்கள் விஷயத்தைத் தெளிவாக்கினார்கள்: கூட்டுத்தொகை ஓர் எண்ணை நோக்கி ஒருங்குகிற தொடரில், உறுப்புகளின் வரிசையைக் கலைக்காமல் எங்கு வேண்டுமானாலும் அடைப்பு போடலாம், தொகை அசையாது. கிராண்டியின் தொடர் ஒருங்குவதில்லை, அதனால்தான் அங்கே அடைப்பு போடப் போட விடை ஆடுகிறது. ஒருங்குதல் என்கிற பெரிய கருத்தின் வாசலில் காவல் நிற்பதும் இந்தக் குறிதான் என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது.

முடிவில்லாத அடைப்பு என்றதும் ராமானுஜனைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அவரிடம் போவதற்கு முன் அடைப்பின் பழைய வடிவங்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஒரு கோவையைத் தொகுத்துக்காட்ட அதன் மேல் கோடு இழுப்பதும் பழைய ஐரோப்பிய வழக்கம். வளைவு அடைப்புகள் 1556இல் வெளிவந்த தார்தாக்லியாவின் நூலில் தென்படுகின்றன. பொம்பெல்லி 1572இல் கோண வடிவக் குறி ஒன்றையும் அதன் மறுபக்கத்தையும் அடைப்பாக அச்சிட்டார். கடைசியில் வென்றது வளைவுதான். ஆனாலும் மேல்கோடு செத்துவிடவில்லை. 1637இல் தெகார்த் அதை வர்க்கமூலக் குறியோடு ஒட்டவைத்தார். நாம் இன்றும் வரைகிற √ குறியின் நீண்ட தலைக்கோடு அதுதான், அதுவும் ஓர் அடைப்புக்குறியே! இப்போது ராமானுஜன் 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வாசகர்களுக்கு விடுத்த கேள்வியைப் பாருங்கள். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்பதன் மதிப்பு என்ன? அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் இன்னோர் அடைப்பு, முடிவே இல்லை. விடை 3. வெறும் 3! 3 என்பது √9, அதாவது √(1 + 2×4). அந்த 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). அந்த 5 என்பது √(1 + 4×6). ஒவ்வொரு எண்ணும் அடுத்த அடைப்பைத் தானே திறந்துகொண்டு போகிறது. (முடிவில்லாமல் போனாலும் மதிப்பு 3இலேயே நிற்கும் என்று முறையாக நிறுவ இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். அந்த உழைப்பும் இனிப்பானதே.)

திசைகளிலும் விளையாடிப் பாருங்கள். வெக்டர்களின் குறுக்குப் பெருக்கலில், ஓரலகு கிழக்கை ஓரலகு வடக்கோடு பெருக்கினால் மேல்நோக்கிய திசை வரும். கிழக்கு × கிழக்கு × வடக்கு என்பதில் முதல் இரண்டை அடைத்தால், கிழக்கைக் கிழக்கோடு பெருக்க எல்லாம் சுழியாகிவிடும். பின் இரண்டை அடைத்தால் கிழக்கு × மேல், விடை தெற்கு! ஒன்றுமே இல்லாமல் போவதற்கும் தெற்கு நோக்கித் திரும்புவதற்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் ஓர் அடைப்பு.

அணிப் பெருக்கலில் இன்னொரு விசித்திரம். அங்கே அடைப்பை நகர்த்தினால் விடை மாறாது, உழைப்பு மாறும். முதல் அணியில் 2 நிரை, 100 நிரல். இரண்டாவதில் 100 நிரை, 3 நிரல். மூன்றாவதில் 3 நிரை, 50 நிரல் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முறைப்படி முதல் இரண்டை முன்னால் பெருக்கினால் மொத்தம் 900 எண் பெருக்கல்கள். பின் இரண்டை முன்னால் பெருக்கினால் 25,000. கணினிக்குக்கூட இது சின்ன விஷயம் இல்லை, பெரிய பெரிய அணிகளை இடைவிடாமல் பெருக்குகிற மென்பொருள்களில் அடைப்பு எங்கே விழுகிறது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கிறது.

சரி, அடைப்பு போட மொத்தம் எத்தனை வழி? நான் கிறங்கிப்போகிற இடம் இதுதான். வரிசை மாறாமல் மூன்று எழுத்துகளைப் பெருக்க 2 வழி. க, ச, ட, த என்று நான்கு எழுத்துகள் என்றால் 5: ((கச)ட)த, (க(சட))த, (கச)(டத), க((சட)த), க(ச(டத)). ஐந்து எழுத்துகளுக்கு 14, ஆறுக்கு 42, ஏழுக்கு 132. இந்த 14ஐக் கண்டுபிடிக்கிற விதமே தனி அழகு. கடைசியாக நடக்கிற பெருக்கல் எங்கே என்று மட்டும் பாருங்கள். ஐந்து எழுத்துகளை அது 1+4, 2+3, 3+2, 4+1 என்று நான்கு விதமாகத்தான் பிரிக்க முடியும். முன்பே தெரிந்த எண்ணிக்கைகளைப் பெருக்கிக் கூட்டினால் 5 + 2 + 2 + 5. வந்துவிட்டது 14!

இப்போது ஓர் ஐங்கோணம் வரையுங்கள். அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்ற நான்கு பக்கங்களில் க, ச, ட, த என்று வரிசையாக எழுதுங்கள். ஒன்றையொன்று வெட்டாத இரண்டு மூலைவிட்டங்களைப் போட்டு ஐங்கோணத்தை மூன்று முக்கோணங்களாக்குங்கள். ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்களில் எழுத்து இருந்தால், அந்த இரண்டையும் அடைப்புக்குள் போட்டு மூன்றாவது பக்கத்தில் எழுதுங்கள். அப்படியே இறங்கி வந்தால், அடிப்பக்கத்தை அடையும்போது அங்கே நான்கு எழுத்துகளும் ஒழுங்காக அடைபட்டு நிற்கும். மூலைவிட்டங்களை மாற்றினால் அடைப்பும் மாறும். ஐங்கோணத்தை இப்படி வெட்ட 5 வழி, அறுகோணத்தை வெட்ட 14! வடிவியலும் இயற்கணிதமும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன. இதை முதன்முதலாகக் கையால் வரைந்து பார்த்தபோது எனக்கு நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை.

பலகோணங்களை வெட்டும் இந்தக் கணக்கை ஆய்லர் 1751இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் பேசினார். 1838இல் கேட்டலான் அடைப்புகளின் வழியாக இதே எண்களுக்கு வந்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரிச்சர்ட் ஸ்டான்லி 2015இல் இந்த எண்களுக்கென்றே ஒரு நூல் எழுதி, இவை எண்ணிக்கையாகத் தலைகாட்டுகிற 214 வெவ்வேறு இடங்களை அடுக்கியிருக்கிறார். அடைப்பு போட எத்தனை வழி என்ற எளிய கேள்விக்கு 214 முகங்கள்! கணிதத்தில் இதற்கு நிகரான கொடை வெகு சிலவே என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விதியைச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். க, ச, ட, த, ப என்று ஐந்து எழுத்துகளைக் கொடுத்து, 14 வழிகளையும் ஒன்று விடாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஓர் அறுகோணத்தைக் கையில் கொடுங்கள்.