பின்கட்டுக்கு வந்த வைஃபை

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கடைசியில் கொல்லையை ஒட்டி ஓர் அறை. வாசலிலிருந்து அந்த அறை வரை அளந்தால் 110 அடி. குறுக்குச் சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் பெட்டியை ரேழியிலேயே மாட்டிவிட்டார்கள். அக்கா மகள் படிப்பதோ கொல்லை அறையில். அங்கேதான் சத்தம் கிடையாது. ஆன்லைன் வகுப்பு என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வருவாள். அவளுக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கையில் இரண்டு ரூட்டர்கள். ஒன்று பரணில் கிடந்த டிபி-லிங்க் டபிள்யூஆர்841என், இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டி. 2009-இல் முடிவான 802.11என் தரத்தில் ஓடுவது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். கேபிள் செருகும் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. மற்றது தில்லை நகரில் புதிதாக வாங்கிய ஆர்ச்சர் சி6. இதில் 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு, போர்ட்டுகள் கிகாபிட். எங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ்.

புதியதைக் கூடத்தில் வைத்தேன். முற்றத்தைப் பார்த்த தூணுக்குப் பக்கத்தில் வைத்ததும் அடுக்களை வரை நன்றாகவே வந்தது. திறந்த முற்றம் அலைகளுக்குத் தடையில்லாத வழி. கொல்லை அறைதான் பாக்கி. முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன்: பழையதை அடுக்களையில் வைத்து, டபிள்யூடிஎஸ் வசதியைப் போட்டு, கம்பியில்லாமல் அலையை வாங்கி அனுப்பும் ரிப்பீட்டராக்கினேன். கொல்லை அறையில் சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரிந்தன. வேகத்தை அளந்தால் 11 எம்பிபிஎஸ். மாலையில் அதுவும் 3-க்கு இறங்கியது.

காரணம் உண்டு. இந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரே ரேடியோ. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் நேரத்தில் அடுத்ததைக் கேட்க முடியாது; வேகம் பாதியாகிவிடும். இரண்டு ரூட்டரும் ஒரே சேனலில் இருந்தாக வேண்டும். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. போனைத் திறந்தால் இருபதுக்கு மேல் அயல்வீட்டு வைஃபை பெயர்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. போனில் தெரியும் கோடுகள் பக்கத்துப் பெட்டிக்கும் போனுக்கும் உள்ள உறவைத்தான் காட்டும். அந்தப் பெட்டிக்கு என்ன கிடைக்கிறது என்று காட்டாது.

ஆகவே கேபிள். சுவரைத் துளைக்க மனம் வரவில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை உதிர்ந்தால் அதே மாதிரி பூச இன்று ஆள் கிடைப்பது கடினம். முற்றத்துத் தாழ்வாரத்தின் விளிம்போடு பிவிசி குழாயில் கேபிளை ஓட்டி, அடுக்களைப் புகைப்போக்கிச் சந்து வழியாக வெளியே எடுத்து, கொல்லை அறை ஜன்னலில் இறக்கினோம். 25 மீட்டர். ஈதர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும். குழாய் கட்டாயம்; அணில் கடிக்கும், வெயில் உறையை வெடிக்க வைக்கும். கடையில் முதலில் நீட்டியது அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய கம்பி. விலை பாதிதான், ஆனால் வளைத்தால் முறியும். முழுத் தாமிர கேட்-6 கேட்டு வாங்குங்கள்.

கொல்லை அறைக்கு மாற்றிய பழைய ரூட்டரில் செய்ய வேண்டியவை சிலதான். முகவரியை 192.168.1.250 என்று மாற்றினேன், ரேழிப் பெட்டியின் முகவரியோடு மோதாமல். டிஹெச்சிபியை அணைத்தேன், ஒரு வீட்டில் முகவரி கொடுப்பது ஒரே பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். கேபிளை நீல நிற வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகினேன். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சேனல் கூடத்தில் 1, கொல்லையில் 11. பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே.

இப்போது கொல்லை அறையில் 46 எம்பிபிஎஸ். மாலையிலும் 40-க்குக் கீழே போகவில்லை. லேப்டாப்பைக் கேபிளிலேயே இணைத்தால் 93. அதே பழைய பெட்டிதான்.

குறையும் உண்டு. வீடியோ காலில் பேசிக்கொண்டே அம்மா கிணற்றடியிலிருந்து கூடத்துக்கு வந்தால் போன் பழைய ரூட்டரின் அலையையே பிடித்துத் தொங்குகிறது. பழையதில் ஒலிபரப்பு வலிமையை நடுத்தரத்துக்குக் குறைத்த பிறகு பரவாயில்லை; முழுதாகத் தீரவில்லை. ஒன்றோடொன்று பேசி ஒரே வலையாக இயங்கும் மெஷ் பெட்டிகள் இதில் மேல், ஆனால் இந்தச் சுவர்களுக்கு நடுவே அவற்றுக்கும் கேபிள் கொடுப்பதே நல்லது.

200 எம்பிபிஎஸ் இணைப்பு உள்ளவர்கள் பழையதை நடுவில் வைக்கக் கூடாது. அதைத் தாண்டிய எல்லாமே 100-க்குள் அடங்கிவிடும். வரிசையின் கடைசிதான் அதற்கு இடம். கடவுச்சொல் இல்லாமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அடாப்டரையும் கவனியுங்கள்: பழையதுக்கு 9 வோல்ட், புதியதுக்கு 12.

மொட்டை மாடிக்கு இன்னும் வைஃபை எட்டவில்லை. ஆர்ச்சரில் காலி போர்ட்டுகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மாடிப்படி வழியாக அடுத்த கேபிளை ஏற்ற வேண்டும்.