ஒநேசிமுவின் நான்கு வினைகள்

பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதம் கிரேக்கத்தில் 335 சொற்கள். அவர் கடிதங்களில் இதைவிடச் சிறியது இல்லை. வெறும் வீட்டு விவகாரம், வேதத்தில் சேர்க்க இதில் என்ன இருக்கிறது என்று நான்காம் நூற்றாண்டிலேயே சிலர் ஒதுக்கினார்கள். ஜெரோமும் கிறிஸொஸ்தமும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் சொன்னவர்களும் அவர்களுக்குப் பின்வந்த உரைகாரர்களில் பெரும்பாலோரும் கடிதத்தைக் கைவிட்டு ஒரு கதையைக் காப்பாற்றினார்கள் என்பது என் புகார். அடிமை ஒநேசிமு எஜமானிடம் திருடிக்கொண்டு ஓடினான், சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்ந்தான், மனம் வருந்தினான், திருப்பி அனுப்பப்பட்டான் என்பது கதை. இதில் ஓட்டத்துக்கும் திருட்டுக்கும் வருத்தத்துக்கும் மூலத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

எண்ணிப் பார்க்கலாம். ஒநேசிமு எழுவாயாக வரும் வினைகள் இந்தக் கடிதத்தில் நான்கே நான்கு. முதலாவது, பணிவிடை செய்தல். அது நடந்த செயல் அல்ல. உன் சார்பில் எனக்குச் செய்யும்பொருட்டு அவனை வைத்துக்கொள்ள விரும்பினேன் என்று பவுலின் நிறைவேறாத ஆசைக்குள் தொங்குகிற வினை. இரண்டாவது, எகோரிஸ்தே. பிரிந்தான் என்றல்ல, பிரிக்கப்பட்டான் என்று செயப்பாட்டு வடிவில் படிக்க வேண்டிய இடம். யார் பிரித்தது? சொல்லவில்லை. அதற்கு முன்னால் தாகா, ‘ஒருவேளை’, என்று ஒரு சொல் வேறு. மூன்றாவதும் நான்காவதும், தீங்கிழைத்ததும் கடன்பட்டதும், ‘ஆல்’ விகுதியின் கீழ் வருபவை: இழைத்திருந்தால், பட்டிருந்தால். திருட்டுக் கதைக்கு முழு ஆதாரம் இந்த ‘ஆல்’தான். ஆக, யாருக்காக இந்தக் கடிதம் எழுதப்பட்டதோ அவன் இதில் நிச்சயமாக எதையும் செய்வதில்லை. அவன் பேசுவதும் இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு போனவனே அவன்தான் என்பது பலர் ஊகம். அப்படியானால், தன் மடியில் தன்னைப் பற்றிய நான்கு நிச்சயமற்ற வினைகளைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறான்.

ஆனால் அவன் பெயர் இருக்கிறது. அது வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். பத்தாம் வசனம் வரை பெயர் இல்லை. மன்றாடுகிறேன் என்ற வினை முதலில் வந்துவிடுகிறது. பிறகு என் பிள்ளைக்காக. பிறகு விலங்குகளில் நான் பெற்றவன். எல்லாம் முடிந்தபின், வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக, ஒனேசிமொன். தெக்னொன், பிள்ளை, என்பது இலக்கணப்படி ஆணும் பெண்ணுமல்லாத பால். அதைத் தொடரும் சுட்டு, பாலை மீறி, ஆண்பாலாக வருகிறது. பெயரும் அந்தச் சுட்டின் வேற்றுமையை ஏற்று இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. பிலேமோன் கோபக்காரனோ இல்லையோ, பெயரைக் கேட்பதற்குள் ஒரு பிறப்பு நடந்து முடிந்துவிடுகிறது. தமிழில் வினை கடைசிக்குப் போய்விடுவதால் வாக்கியம் மன்றாட்டில் முடிகிறது. அதை மொழிபெயர்ப்பாளரின் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

ஒனேசிமொஸ் என்றால் பயன்படுபவன். அடிமைகளுக்குச் சகஜமாக வைக்கப்பட்ட பெயர். அடுத்த வரியிலேயே அக்ரேஸ்தொஸ், எவ்க்ரேஸ்தொஸ்: பயனற்றவனாயிருந்தவன், பயனுள்ளவன். அந்நாளைய பேச்சில் க்ரேஸ்தொஸும் க்ரிஸ்தொஸும் காதுக்கு நெருங்கிக்கொண்டிருந்தன. இருபதாம் வசனத்தில் ஒனாய்மேன், உன்னால் எனக்குப் பயன் கிட்டட்டும், என்று பெயரின் வேரையே எஜமான் பக்கம் திருப்புகிறார். புதிய ஏற்பாட்டில் அந்த வினை வேறெங்கும் இல்லை. சிலேடை என்று ரசித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு கசப்பும் தட்டுகிறது. பயன் என்ற கணக்கைத் தாண்டி அவனைப் பற்றிப் பேசப் பவுலுக்கும் வழியில்லை.

இல்லை, ஒரு வழி இருந்தது: ஸ்ப்ளாங்க்னா. மூன்று முறை வருகிறது. குடல், ஈரல், வயிற்றுக்குள் இருப்பவை எல்லாம். பன்னிரண்டாம் வசனத்தில் அந்தச் சொல் ஒநேசிமுவைப் போன்ற ஒன்றல்ல, ஒநேசிமுவே. நம் பழைய திருப்புதல் ‘உள்ளம்’ என்கிறது. கூடவே ஒரு ‘போல’வையும் சேர்க்கிறது. உள்ளம் சுத்தமான சொல், இரத்தம் படாதது. பெற்ற வயிறு என்று நம் கிழவிகள் சொல்வது எவ்வளவோ கிட்டத்தில் இருக்கிறது, அதுவும் பெற்றேன் என்று ஒரு கைதி சொன்ன இரண்டு வரிக்குள். அதே திருப்புதல் பிலேமோனை ‘நீர்’ என்றும் ஒநேசிமுவை ‘அவன்’ என்றும் எழுதுகிறது. கிரேக்கத்தில் இந்த மரியாதைப் படிகள் கிடையாது. இனி அடிமையாக அல்ல, சகோதரனாக என்று சொன்ன பதினாறாம் வசனத்துக்குப் பிறகும் ‘அவன்’ மாறவில்லை. ஆனால் தகப்பனும் பிள்ளையை அவன் என்றுதான் சொல்வான். எந்த ‘அவன்’ என்று பிரித்தறிய முடியாத இந்த மயக்கம், தமிழ் தெரியாமல் சம்பாதித்துக்கொண்டது.

பிளினி சாபினியானுஸுக்கு எழுதிய லத்தீன் கடிதத்தை எல்லோரும் இதோடு ஒப்பிடுவார்கள். அவன் தப்பு செய்த ஒரு விடுதலையாளுக்காகப் பரிந்து எழுதுகிறான். அங்கே கண்ணீர் இருக்கிறது, காலில் விழுதல் இருக்கிறது, மனவருத்தம் இருக்கிறது, எஜமானின் கோபம் நியாயமே என்ற ஒப்புதலும் இருக்கிறது. அந்த ஆளின் பெயர் மட்டும் இல்லை. பவுலிடம் பெயர் மட்டும் இருக்கிறது.

கண்ணீருக்குப் பதில் இங்கே கணக்கு வருகிறது. என் பேரில் எழுதிக்கொள் என்பது பற்றுவரவுச் சொல். நான் தீர்ப்பேன், அபொதீஸோ, என்பது கடன் பத்திரச் சொல்; அதை என் கையால் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொள்கிறார். உடனே, நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருப்பதை நான் சொல்லவில்லை என்று சொல்லியும் விடுகிறார். உன் சம்மதமில்லாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்ற மனிதர், கடிதத்தைப் பிலேமோனோடு அவன் வீட்டில் கூடும் சபைக்கும் முகவரியிட்டிருக்கிறார். இது சாமர்த்தியம். சாமர்த்தியத்தைச் சாந்தம் என்று போதிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. விடுதலை செய் என்ற வார்த்தை மட்டும் கடைசிவரை வருவதில்லை. சொல்வதற்கு மேலாகவே செய்வாய் என்று தெரியும் என்கிறார். அந்த ‘மேலாக’ எது? கூடவே எனக்கு ஒரு தங்குமிடம் ஏற்பாடு செய் என்கிறார். வந்து பார்க்கப் போகிறார் என்று அர்த்தம்.

அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் நுழையலாம், நுழைந்தார்கள். 1830களில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சார்ல்ஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற பாதிரியார், தாமே அடிமைகளை வைத்திருந்தவர், அடிமைகள் கூடிய சபையில் இந்தக் கடிதத்தை வைத்து, ஓடிப்போவது பாவம் என்று பிரசங்கித்தார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இப்படி ஒரு நிருபம் வேதத்தில் கிடையாது என்று சிலர் சொன்னதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அடிமைக்கு எழுத்தறிவிப்பது அங்கே 1829இலிருந்து சட்டப்படி குற்றம். படிக்க முடியாதவர்கள் சொன்ன அந்தப் பாடபேதம் பாதி சரி: ஓடியவனைக் கண்டிக்கும் கடிதம் கிரேக்கத்திலும் இல்லை. மறுபாதியை மறைக்கக் கூடாது. அனெபெம்ப்ஸா, திருப்பி அனுப்பினேன், என்பது இருக்கிறது. அந்த வினையின் எழுவாய் பவுல். அதற்கு முன்னால் ‘ஒருவேளை’ இல்லை, பின்னால் ‘ஆல்’ இல்லை.