சிறுகோடும் நெடுங்கோடும்

ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்கு இவ்விரு கோடுகளும் தேவைப்படவில்லை. ஓலை கிழியுமென்று மெய்யெழுத்தின் புள்ளியையே அவர்கள் பெரும்பாலும் இடாது விட்டனர். நிறுத்தக்குறிகள் அச்சோடும் உரைநடையோடும் வந்தவை. அவற்றைத் தமிழில் நிலைபெறச் செய்தவருள் முதன்மையானவர் ஆறுமுக நாவலர் (1822–1879). காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் நாம் ஒருவாறு கற்றுக்கொண்டோம். கோடுகளை இன்னும் கற்கவில்லை என்பதற்கு மாணவர்தம் கட்டுரை ஏடுகள் சான்று. ஏன், நம் ஆண்டு மலர்களும் சான்று.

சிறுகோடு சொற்களை இணைப்பது. நெடுங்கோடு தொடரை இடைநிறுத்திப் பிரிப்பது. ஒன்றன் பணி மற்றதன் பணிக்கு நேர்மாறானது. ஆயினும் தட்டச்சுப் பொறியில் இரண்டிற்கும் ஒரே விசைதான் இருந்தது. கணினியில் இருவகைக் கோடும் தனித்தனியே இருந்தும், பழகிய விரல் அந்த ஒரே விசையைத்தான் நாடுகிறது.

நம் நாட்டு மாணவனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலாய் மொழியில் சிறுகோடு எழுத்திலக்கணத்தின் ஒரு கூறு. முன்னர் இரட்டிக்கும் சொல்லை ஒருமுறை எழுதி, பக்கத்தில் 2 என்னும் எண்ணை இடுவர். 1972ஆம் ஆண்டின் புதிய உரோமி எழுத்துமுறை அவ்வழக்கை நீக்கி, சொல்லை இருமுறை எழுதி நடுவே சிறுகோடு இடுமாறு விதித்தது. மக்களைக் குறிக்கும் ‘ஓராங்-ஓராங்’ என்பதற்கும் கோடு. ஆமையைக் குறிக்கும் ‘கூரா-கூரா’ என்பதற்கும் கோடு. முன்னதைப் பிரித்தால் ‘ஓராங்’ ஆளைக் குறிக்கும். பின்னதைப் பிரித்தால் ஆமை இல்லை. இரண்டையும் ஒன்றுபோல் எழுதுவது மலாய் மரபு. அம்மொழிக்கு அது முறையே.

இதே கையோடு மாணவன் தமிழ் வகுப்பில் ‘சல-சல’ என்றும் ‘பாம்பு-பாம்பு’ என்றும் எழுதுகிறான். நாமோ இவற்றை வேறுபடுத்தியே கற்பிக்கிறோம். ‘சலசல’ இரட்டைக்கிளவி; அது பிரிந்து ஒலிக்காது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆதலின் சேர்த்தே எழுதுதல் வேண்டும். ‘பாம்பு பாம்பு’ அடுக்குத்தொடர். ஒவ்வொரு சொல்லும் தனித்து நின்றும் பொருள் தரும். ஆதலின் இடைவெளி விட்டு எழுதுதல் வேண்டும். கண்ணால் கண்டே உணரத்தக்க அவ்வேறுபாட்டைச் சிறுகோடு அழித்துவிடுகிறது. அதன்பின் தேர்வுத்தாளில் ‘வேறுபாடு தருக’ என்று வினவி, விடை தவறினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்! மாணவனைக் கடிவதில் பயனில்லை. இருமொழி மரபையும் அருகருகே கரும்பலகையில் எழுதிக் காட்டுவது ஆசிரியர் கடமை.

தமிழுக்குச் சிறுகோடு மிகுதியாகத் தேவைப்படாமைக்குக் காரணம் புணர்ச்சியாகும். ‘தமிழ்ப்பள்ளி’ என்பதில் இடையே நிற்கும் ஒற்றே நம் இணைப்புக்குறி. அதனை விட்டுத் ‘தமிழ்-பள்ளி’ என்று எழுதுவோர், உள்ள கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆணி தேடுவோராவர். (பெயர்ப்பலகையில் ‘வகை’ என்பதன்பின் ஒற்று வேண்டுமா என மணிக்கணக்கில் வழக்காடும் நாம், இதனைக் கண்டும் காணாமல் போவது வியப்பே.) உம்மைத்தொகையாகிய ‘தாய்தந்தை’க்கும் கோடு வேண்டா.

வேண்டும் இடமும் உண்டு. ‘தமிழ் மலாய் அகராதி’ என்று வாளா எழுதினால் இருமொழி அகராதி என்பது தெளிவாகாது. ‘தமிழ்-மலாய் அகராதி’ என்றால் ஐயமில்லை. ‘கோலாலம்பூர்-ஈப்போ சாலை’ என்பதும் அத்தகையதே. இங்கெல்லாம் கோட்டின் இருபுறமும் இடைவெளி விடலாகாது. விட்டால் இணைப்பதற்கு வந்த குறி பிரிக்கத் தொடங்கிவிடும்.

நெடுங்கோட்டை நம் சிறுகதையாசிரியர் சிலர் உணர்ச்சிக்கு அடையாளமாகக் கருதுகின்றனர். ‘வந்தாள் — அழுதாள் — போனாள்’ என்பது போன்ற தொடர்கள் பக்கந்தோறும் கிடக்கின்றன. ‘வந்து அழுதுவிட்டுப் போனாள்’ என்றால் வினையெச்சமே தொடரைக் கோத்துத் தருமன்றோ? ‘நான் அன்றைக்கே சொன்னேன் — சரி, இப்போது எதற்கு?’ என்று ஒருவர் பேச்சை முறித்துக்கொள்ளும்போது நிலைமை வேறு. அம்முறிவை எந்த எச்சமும் தாராது. அங்கே நெடுங்கோடு வேண்டும். அச்சுக்கோப்பவர் அதனைச் சிறுகோடாகக் குறுக்கினால், படித்துப் பார்க்கும் ஆசிரியர் திருத்தி அனுப்புதல் வேண்டும்.