புகழ் வேண்டாம் என்றவன்

பிரான்ஸில் லூஸ் போரில், 1915 அக்டோபர் 13ல் கொல்லப்பட்டபோது சார்லஸ் ஸோர்லிக்கு வயது 20. உடல் கிடைக்கவில்லை. அவன் உடைமைகளில் ஒரு ஸானெட் கிடைத்தது. மாண்டவர்களுக்குப் புகழும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம் என்பது அதன் சாரம். 1916ல் தொகுப்பு வந்தது. இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருப்பான் என்று அங்கலாய்ப்பதே வழக்கமாகிவிட்டது. நானும் அங்கலாய்த்தவன்தான். ஆனால் வங்கியில் இறந்தவர் கணக்கை முடிக்கும்போது இருப்பைத்தான் எண்ணுகிறேன், வந்திருக்கக்கூடியதை அல்ல. ஸோர்லியின் இருப்பில் பள்ளிப்பருவச் செயற்கை கலந்த கவிதைகள் பல, சமரசமற்றவை சில. முன்னதை அவன் சாவுக்காக மன்னித்தால், அந்த ஸானெட்டை நாம் படிக்கவே இல்லை. உயிரோடிருக்கும் சக கவியிடம் காட்டும் கறாரோடு படிப்பதுதான் அவனை நினைவுகூர்வது.