குப்பைமேடு என்னும் தீர்ப்பு

தொல்லியலில் வழங்கும் பெயர்கள் சில, பொருளைச் சுட்டுவதோடு அமையாது அதன்மீது தீர்ப்பும் கூறிவிடுகின்றன. டென்மார்க்கின் கரையோரச் சிப்பிமேடுகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் இடப்பட்ட 'சமையற்கழிவு மேடு' என்னும் பெயர் அத்தகையது. 1848இல் அமைந்த குழுவினரான விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரப், புவிச்சரிதவியலாளர் போர்ச்சமர், தொல்லியலாளர் வொர்சா ஆகியோரின் ஆய்வால், இம்மேடுகள் கடல் ஒதுக்கியவையல்ல, மனிதர் உண்டு எறிந்தவை என்பது நிறுவப்பட்டது. அது பெருஞ்சாதனையே. ஆயினும், எறிந்த பொருளின் இழிவு எறிந்தோர்மீதும் படிந்துவிட்டது.

ஜோன் லபக் 1865இல் வெளியிட்ட 'வரலாற்றுக்கு முந்திய காலங்கள்' என்னும் நூலை இந்நோக்கில் மீள வாசித்தல் தகும். குளிர்காலத்தில் வந்து தங்கும் அன்னங்களின் எலும்புகள் மேடுகளிற் கிடைத்தமை முதலிய சான்றுகளால், அம்மக்கள் ஆண்டு முழுவதும் கரையிலேயே வாழ்ந்தனர் என்பதை அவர் ஏற்கிறார். அதேவேளை, தென்னமெரிக்காவின் தென்கோடியில் டார்வின் கண்ட பியூகோத் தீவினரைப் போல, அவர்கள் அடிக்கடி இடம்பெயர்ந்தனர் என்றும் கருதுகிறார். கைவிடப்பட்ட அடுப்புகளை அவர் சான்றாகக் காட்டுவது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், டார்வினின் வருணனையிலுள்ள இழிவுநோக்கு ஆராயப்படாமலே டென்மார்க்கின் கரைக்கும் மாற்றப்படுகிறது. இதுவே நூலின் அடிப்படைக் குறையாகும்.

பிற்கால ஆய்வுகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. 1893 முதல் 1897 வரை அகழப்பட்ட எர்ட்டபோல மேடு ஏறத்தாழ 140 மீற்றர் நீளமானது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கு அடுப்பு மூட்டினர். கூரிய அடியுடைய மட்பாண்டங்களையும் வனைந்தனர். அகர்சுண்ட் என்னுமிடமோ குளிர்காலத்தில் அன்ன வேட்டைக்கென நாடப்பட்ட சிறு தங்குமிடம். ஆகவே அவர்தம் இடப்பெயர்வு குறிக்கோளற்ற அலைவன்று, பருவமறிந்த பயணமாகும்.

சிப்பிகளின் பெருக்கமும் நம்மை மயக்கலாகாது. ஒரு செம்மானின் இறைச்சி தரும் சக்திக்கு 50,000இற்கு மேற்பட்ட சிப்பிகள் வேண்டும் என 1978இல் ஜெப் பெய்லி கணித்தார். எலும்புகளின் காபன் சமதானிகளை ஆராய்ந்த டௌபர், இவர்களது உணவிற் கடலுணவே மேலோங்கியிருந்தது என 1981இற் காட்டினார். இரண்டையும் இணைத்து நோக்கின், சிப்பி பொறுக்கிய வறியோர் அல்லர், மீன்பிடியில் தேர்ந்த சமுதாயத்தினரே நம்முன் நிற்கின்றனர்.

உழவின் பின்னரே நிலைத்த வாழ்வு தோன்றியது என்னும் வாய்பாட்டை ஒப்புவிக்கும் நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நமது அம்பாந்தோட்டைக் கரையின் மினிஅத்திலியா, பள்ளேமலல சிப்பிமேடுகளிலும் மனித எலும்புக்கூடுகள் அகழப்பட்டுள்ளன. தம் இறந்தோரை இட்ட இடத்தை அவர்கள் குப்பை எனக் கருதியிருப்பரோ? அத்தீர்ப்பு அவர்களுடையதன்று, நம்முடையது.